சிறு பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைகள்: சொல்லுவதும் வாசித்துக் காட்டுவதும்

வேதாகமத்தின் கதைகள் கண்ணால் படிக்கப்படுவதற்கு முன்பே காதால் கேட்கப்பட்டவை. உபாகமம் ஆறாம் அதிகாரம் பெற்றோருக்குத் தரும் கட்டளையில் முதலில் வருவது எழுத்து அல்ல, பேச்சு. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேச வேண்டும் என்கிறது அது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பஸ்காவின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கு விடையாக விடுதலையின் கதையைச் சொல்லச் சொல்கிறது. யோர்தானைக் கடந்தபின் யோசுவா நாட்டிய 12 கற்களும் அப்படித்தான். இந்தக் கற்கள் ஏன் என்று வருங்காலப் பிள்ளைகள் கேட்க வேண்டும், அப்போது கடந்துவந்த கதை சொல்லப்பட வேண்டும் என்பதற்காகவே அவை நடப்பட்டன.

யூத வீடுகளில் இது இன்றுவரை உயிரோடு இருக்கிறது. பஸ்கா இரவு விருந்தில், கூடியிருப்பவர்களில் வயதில் மிக இளைய பிள்ளை நான்கு கேள்விகளைக் கேட்க, அவற்றுக்கு விடையாகவே எகிப்தின் கதை விரிகிறது. கேள்வி பிள்ளையுடையது, கதை பெரியவர்களுடையது. கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: கதையைச் சொல்பவர்களே கேள்வியையும் கேட்கிறார்கள், பிள்ளை விடை மட்டும் சொல்கிறது.

பண்டைக்காலத்தில் வாசிப்பு என்றால் பெரும்பாலும் உரக்க வாசிப்பதுதான். எத்தியோப்பிய அதிகாரி இரதத்தில் ஏசாயாவை வாசித்தபோது, ஓடிவந்த பிலிப்பு அதைக் காதால் கேட்டு அறிகிறார். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையில் நியாயப்பிரமாணத்தை ஊர் கூட்டி வாசிக்கும்போது ஆண்களும் பெண்களும் மட்டுமல்ல, பிள்ளைகளும் அங்கே இருக்க வேண்டும் என்கிறது உபாகமம் 31. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா மரமேடையில் நின்று விடியற்காலம் தொடங்கி நண்பகல்வரை வாசிக்கிறார். லேவியர் கூட்டத்துக்குள் நின்று பொருள் விளங்கச் சொல்கிறார்கள். வாசிப்பவர் ஒருபுறம், விளக்குபவர் மறுபுறம் என்ற இந்த ஏற்பாடு, வீட்டில் ஒரு தாயோ தாத்தாவோ தனியாகச் செய்யவேண்டிய இரண்டு வேலைகளையும் தெளிவாகக் காட்டுகிறது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் அந்த வேலையைச் செய்தவர்கள். சிறு வயது முதலே அவருக்கு வேதம் தெரிந்திருந்தது என்று பவுல் எழுதுகிறார்.

காதுக்காகவே கட்டப்பட்ட கதைகள் என்பதற்கு அவற்றின் அமைப்பே சான்று. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே பல்லவியோடு முடிகிறது. எரிகோவைச் சுற்றும் கதையில் ஆறு நாள் ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று. தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் இசைக்கருவிகளின் பட்டியல் நான்கு முறை வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்தப் பட்டியலில் நாகசுரமும் வீணையும் தம்புருவும் இருக்கின்றன. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பெயர்களும் பிரியாமல் சேர்ந்தே மீண்டும் மீண்டும் வருகின்றன. சிறுவர் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவது இந்த அடுக்குகள்தான். அச்சில் பார்த்தால் அவை வீண் நீட்டலாகத் தெரியலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதுவே பிடிமானம். இரண்டாவது முறை பட்டியல் வரும்போது அது காத்திருக்கும், மூன்றாவது முறை கூடவே சொல்லும், நான்காவது முறை வாசிப்பவரை முந்திவிடும்.

சொல்லும் கலையின் வரலாறு

கதையை எப்படிச் சொல்வது என்று முதலில் விரிவாக எழுதியவர்களில் அகஸ்தீன் முக்கியமானவர். கி.பி. 400 அளவில், கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்களுக்குப் போதிப்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர் எவருக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம்; படைப்பு முதல் திருச்சபைவரை நூலிழை அறுபடாமல் இருக்கட்டும், ஆனால் வியப்பூட்டும் சில இடங்களில் நின்று நிதானமாக விரித்துக் காட்டுங்கள், மற்றவற்றை விரைவாகக் கடந்துசெல்லுங்கள் என்பது அவருடைய ஆலோசனை. கேட்பவர் களைத்துக் கொட்டாவி விட்டால் உட்கார இடம் கொடுக்கவும், புதிதாக ஏதாவது சொல்லி உற்சாகப்படுத்தவும் சொல்கிறார். கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் அந்நூலில் முழுக்கவே தெரிகிறது.

அதே காலத்தில் ஜெரோம், ரோமில் இருந்த லேத்தா என்ற தாய்க்கு அவள் மகள் பவுலாவை வளர்ப்பது பற்றிக் கடிதம் எழுதினார். தந்தத்திலோ மரத்திலோ எழுத்துகள் செய்து விளையாடக் கொடுங்கள், எழுத்துக் கூட்டிப் பழக முற்பிதாக்கள், தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர்களின் பெயர்களைக் கொடுங்கள் என்றார். எந்தப் புத்தகத்தை முதலில், எதைக் கடைசியில் என்று வரிசையும் தந்தார்: சங்கீதம் தொடக்கத்தில், உன்னதப்பாட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். வேதாகமம் முழுவதும் பிள்ளைக்கு உரியதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது உண்டு என்ற எண்ணம் இங்கே தெளிவாக இருக்கிறது.

இடைக்காலத்தில் எழுத்தறியாத மக்களுக்குக் கோயில் சுவர் ஓவியமும் வண்ணக் கண்ணாடியும் இந்த வேலையைச் செய்தன. அச்சு வந்தபின், 1529இல் மார்ட்டின் லூத்தர் பிள்ளைகளையும் எளிய மக்களையும் மனத்தில் வைத்து, மரச்செதுக்குப் படங்களோடு வேதாகம நிகழ்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் பள்ளிகளிலும் வீடுகளிலும் நெடுங்காலம் நின்று ஆட்சி செய்த புத்தகம் யோகான் ஹியூப்னருடையது. 1714இல் லைப்சிக்கில் வெளிவந்த அது பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என்று 104 கதைகளைக் கொண்டது. ஆண்டின் வாரங்களுக்கு இணையாக அமைந்த எண்ணிக்கை. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் நினைவைச் சோதிக்கும் கேள்விகள், அறிவுக்கான பாடங்கள், மனத்தைத் தொடும் சிந்தனைகள் என்று மூன்று பகுதிகள் இருந்தன. இன்றைய ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகத்தின் முன்னோர் என்றே இதைச் சொல்லலாம். கதையை வேத வசனத்தின் நடையிலிருந்து பிரிக்காமல் சுருக்கியது அதன் பலம். கதை முடிந்த உடனே கேள்வியும் பாடமும் வரிசைகட்டி நிற்கும் பழக்கத்தை நிலைநாட்டியது அதன் குறை. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே முதல் நோக்கம். வேதாகமமே வாசிப்புப் புத்தகம். வேல்ஸ் நாட்டின் மேரி ஜோன்ஸ் என்ற சிறுமி, காசு சேர்த்து, 1800இல் 25 மைல் அளவு நடந்து பாலா என்ற ஊருக்குப் போய் தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகரிடம் வேதாகமம் வாங்கிய கதை, 1804இல் வேதாகமச் சங்கம் உருவானதோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் (வி.பி.எஸ்.) தொடக்கங்களில் ஒன்று 1898இல் நியூயார்க்கில். தெருவில் அலையும் பிள்ளைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற பெண்மணி ஒரு மதுக்கூடத்தையே வாடகைக்கு எடுத்து அதை நடத்தினார். இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ச் சபையிலும் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வி.பி.எஸ். பேனர் தொங்குகிறது.

தமிழ் வீட்டில்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்திய பதிப்பு 1871இல் வந்தது. புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் ஒலிப்பது பெரும்பாலும் அதுதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. ஏட்டின் வரலாறு இப்படி. செவியின் வரலாறு இதற்கு இணையாக ஓடுகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வேதாகமப் பொருளைக் கீர்த்தனையாகவும் குறவஞ்சியாகவும் ஆக்கினார். தென்மாவட்டங்களில் அது வில்லுப்பாட்டாகவும் ஒலித்தது. கதைக்கு நடுவே ‘உம்’ கொட்டிக் கேட்கும் வழக்கமுள்ள சமூகத்தில் பிள்ளைக்குக் கதை சொல்வது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அல்ல. பாட்டி சொன்ன நரிக்கதைக்கும் யோனா கதைக்கும் பிள்ளை ஒரே மாதிரிதான் ‘உம்’ கொட்டும்.

ஆனாலும் குடும்ப ஜெபத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாலையில் விளக்கேற்றியபின் ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, ஒரு ஜெபம் என்பது பழைய ஒழுங்கு. வேத பகுதியை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கிறது என்ற வகையில் இது நல்லதுதான். ஆனால் கதை துண்டு துண்டாகிவிடுகிறது. பிள்ளையின் கவனமெல்லாம் தன் வசனம் எது என்று எண்ணுவதிலேயே போய்விடும். தன் முறை முடிந்ததும் காது மூடிக்கொள்ளும். கதைப் பகுதிகளை ஒருவரே முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு, சங்கீதத்தையும் நீதிமொழிகளையும் சுற்றி வாசித்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகும்.

மொழியும் ஒரு தடைதான். 1871இன் நடை கம்பீரமானது, காதுக்கு இனியது. ஆனால் அதன் வடசொற்கள் இன்றைய பிள்ளையின் பேச்சில் இல்லை. இதே சிக்கலை அமெரிக்காவில் கென்னத் டெய்லர் சந்தித்தார். பழைய ஆங்கில வேதாகமத்தை வீட்டு ஜெபத்தில் வாசித்தபோது தம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று கண்டு, வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து நிருபங்களை எளிய நடையில் எழுதத் தொடங்கினார். அது 1962இல் தனி நூலாகவும், 1971இல் முழு வேதாகமமாகவும் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. தமிழ் வீட்டுக்கு அவ்வளவு பெரிய முயற்சி தேவையில்லை. முதலில் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு அதே பகுதியை வேதாகமத்திலிருந்து வாசித்தால் போதும். கதை தெரிந்த பிள்ளைக்குத் தெரியாத சொல் பயமுறுத்துவதில்லை. இடத்தை வைத்தே பொருளை ஊகித்துக்கொள்ளும். புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சொல்வதும் முக்கியம். இந்தக் கதை அம்மாவின் கற்பனை அல்ல, இந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்று சொல்லாமலே பிள்ளைக்கு விளங்கிவிடும்.

பிள்ளைக்குப் புரியுமா

இந்தக் கேள்வியை 1960களில் இங்கிலாந்தின் ரோனால்ட் கோல்ட்மன் கூர்மையாக எழுப்பினார். எரியும் முட்செடி, செங்கடலைக் கடத்தல், இயேசுவின் சோதனை ஆகிய மூன்று கதைகளை ஆறு வயதுமுதல் பதினேழு வயதுவரை உள்ள 200 பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்களுடைய விளக்கங்களை, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே வகுத்த கட்டங்களோடு ஒப்பிட்டார். சிறு பிள்ளைகள் இவற்றை உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வருகிறார்கள், வேதாகமம் சிறுவர் நூல் அல்ல, ஆகவே அதைச் சீக்கிரமே கொடுப்பது தீங்கு என்பது அவர் முடிவு. 1964இல் வெளிவந்த அந்த ஆய்வு பள்ளிப் பாடத்திட்டங்களையே மாற்றிப்போட்டது.

கோல்ட்மன் கண்டது பொய்யல்ல. ஐந்து வயதுப் பிள்ளை கடவுளுக்குத் தாடி வைத்துத்தான் படம் போடும். ஆனால் அவர் அளந்தது, கதையை விளக்கும் திறனை. கதைக்குள் வாழும் திறன் வேறு. தொலைந்த ஆட்டைத் தேடும் மேய்ப்பனின் உவமையை இறையியல் சொற்களில் விளக்க எந்த நான்கு வயதுப் பிள்ளையாலும் முடியாது. தொலைவது என்றால் என்ன, தேடிக் கண்டுபிடிக்கப்படுவது என்றால் என்ன என்பது மட்டும் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை கைநழுவிப் போன பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வேறுபாட்டை நடைமுறையில் காட்டியவர்கள் ரோமில் சோஃபியா கவல்லெத்தியும் ஜான்னா கோபியும். எபிரெய அறிஞரான கவல்லெத்தி, மாண்டிசோரி ஆசிரியையான கோபியோடு சேர்ந்து 1954இல் தொடங்கிய நல்மேய்ப்பன் மறைக்கல்வியில், மூன்றுமுதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்கு மர உருவங்களைக் கொண்டு உவமைகள் சொல்லப்படுகின்றன. அதன் வழிவந்த ஜெரோம் பெரிமேன் வகுத்த முறையில், சொல்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. மணல்மீது நகரும் உருவங்களையே பார்த்துக்கொண்டு சொல்வார். பிள்ளைகளின் கண்ணும் அங்கேயே போகும். முடிந்தபின் சரி, தவறு என்ற விடை இல்லாத கேள்விகள்: எந்த இடம் மிகவும் பிடித்தது, எது மிக முக்கியம், இதில் நீ எங்கே இருக்கிறாய், எதை விட்டுவிட்டாலும் கதை முழுதாக இருக்கும். கடைசிக் கேள்வி பெரியவர்களையும் யோசிக்க வைக்கும்.

பொதுவான வாசிப்பு ஆய்வுகளும் இதே திசையில் நிற்கின்றன. 1988இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும், படப்புத்தகத்தை வாசிக்கும்போது பிள்ளையைப் பேசவைத்து அதன் சொல்லை விரித்துக் கொடுக்கும் பெற்றோரின் பிள்ளைகள் மொழியில் விரைந்து முன்னேறுவதைக் காட்டினார்கள். 2011இல் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதுச்சொற்களைக் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றார்கள். ‘நேற்றும் இதே கதைதானே’ என்று அலுத்துக்கொள்பவர் பெரியவர்தான். பிள்ளை அதையே கேட்டால் அதையே சொல்வதே சரி. புதுக்கதைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கதைகளை அடிக்கடி சொல்வது சிறு வயதில் அதிகப் பயன் தரும். கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கலாம். 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்கு ஆலோசனை சொல்லுமாறு தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

சாமுவேல் கதை: ஓர் எடுத்துக்காட்டு

முதலாம் சாமுவேல் மூன்றாம் அதிகாரம் கேட்பதைப் பற்றியே ஒரு பிள்ளையின் கதை. இரவு, ஆலயத்தில் விளக்கு இன்னும் அணையவில்லை, முதியவர் ஏலிக்குக் கண் மங்கிவிட்டது, சிறுவன் சாமுவேல் படுத்திருக்கிறான். பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். ஏலிதான் என்று ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். மறுபடி அதே, மறுபடியும் அதே. மூன்றாம் முறைதான் முதியவருக்கு விளங்குகிறது. நான்காம் முறை கூப்பிடும்போது சிறுவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும்.

உரக்கச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை குறைவு. முதல் அழைப்பை மெல்லிய குரலில் சொல்லி, ஓடும் இடத்தை வேகமாகச் சொல்லி, ஏலியின் குரலைத் தூக்கக்கலக்கத்தோடு சொன்னால் போதும், நடிப்பு தேவையில்லை. மூன்றாம் முறை ‘ஓடிப்போய்...’ என்று நிறுத்தினால் மிச்சத்தைப் பிள்ளையே சொல்லிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அன்னாள் மகனுக்குச் சின்னச் சட்டை ஒன்று தைத்துக் கொண்டுபோவாள் என்ற செய்தி முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லலாம். அம்மாவைப் பிரிந்து இருக்கும் பிள்ளை என்றதும் கேட்பவரின் மனத்தில் எழும் பயத்துக்கு அந்தச் சட்டை விடையாகிறது.

பெரும்பாலான சிறுவர் நூல்கள் சிறுவன் பதில் சொல்வதோடு நிறுத்திவிடுகின்றன. வேதாகமம் அங்கே நிற்பதில்லை. சாமுவேல் கேட்டது ஏலியின் குடும்பத்தின்மேல் வரும் தண்டனையை. விடிந்ததும் கதவுகளைத் திறக்கிறான். தன்னை வளர்த்தவரிடம் அதைச் சொல்லப் பயப்படுகிறான். ஏலி வற்புறுத்திக் கேட்க, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். முதியவர் அதைப் பணிந்து ஏற்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் பாதியே முழுக்கதை. அதில் குறை இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் பாதியை மறைப்பது அநியாயம். அன்பாக இருப்பவரிடம் கசப்பான உண்மையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த வயதில் நன்றாகவே தெரியும்.

எதை விடுவது, எதை மாற்றுவது

கொலையும் வெள்ளமும் பலியும் நிறைந்த நூல் வேதாகமம். நோவாவின் பேழை சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கிகளோடு சுவரில் தொங்குகிறது. வெளியே மூழ்கியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோகும் ஆபிரகாம், பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகள், எலிசாவும் கரடிகளும் ஆகியவற்றை எப்போது சொல்வது? ரூத் பாட்டிக்ஹைமர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டன்பர்க் காலம்முதல் சிறுவர் வேதாகமங்கள் எப்படி மாறிவந்தன என்று விரிவாகக் காட்டுகிறது. பழைய பதிப்புகள் நோவாவின் குடிமயக்கத்தையும் தாவீதின் பாவத்தையும் மறைக்கவில்லை. பிற்காலத்தவர் அவற்றை நீக்கினார்கள், அல்லது மென்மையாக்கித் திருத்தினார்கள். ஒவ்வொரு காலமும் தன் ஒழுக்க விருப்பத்துக்கேற்ப வேதாகமத்தைத் திருத்திக்கொண்டது.

இங்கே ஒரு கோடு போடலாம். எந்தக் கதையை எந்த வயதில் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை. சொல்லத் தொடங்கியபின் அதன் முடிவை மாற்றுவது உரிமையாகாது. ஐந்து வயதில் ஈசாக்கின் கதையைத் தள்ளிவைக்கலாம். சொன்னால், ஆபிரகாம் கத்தியை எடுக்கவேயில்லை என்று சொல்லக்கூடாது. பிற்பாடு பிள்ளை தானே வாசிக்கும். அப்போது வீட்டில் கேட்டதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றாக இல்லையென்றால் இரண்டின்மேலும் நம்பிக்கை போய்விடும்.

நீதி ஒட்டுவதும் ஒருவகையில் மாற்றுவதுதான். நம் பாடப்புத்தகக் கதைகள் ‘இக்கதையால் அறியப்படும் நீதி’ என்று முடிந்து முடிந்து, நீதி சொல்லாத கதை முடிவடையாத கதை என்றே ஆகிவிட்டது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனின் கதை ‘பகிர்ந்து உண்’ என்று சுருங்குகிறது. தாவீதும் கோலியாத்தும் ‘துணிவே துணை’ ஆகிறது. வேதாகமக் கதைகள் பல இப்படி முடிவதில்லை. நல்ல சமாரியன் உவமையின் கடைசியில் இயேசு கேட்டவரிடமே கேள்வியைத் திருப்புகிறார். கெட்டகுமாரன் உவமையில் மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லப்படவில்லை. யோனாவின் புத்தகம் கேள்வியோடு முடிகிறது. சொன்னவரே திறந்து வைத்த கதவை ஆசிரியர் அடைக்க வேண்டியதில்லை. கதை முடிந்ததும் அரை நிமிடம் சும்மா இருந்தாலே பெரும்பாலும் பிள்ளை முதலில் பேசும்.

அப்படிப் பேசும்போது வரும் கேள்விகளில் கடினமானது, ‘இது நிஜமா?’ என்பது. 2015இல் வெளியான கேத்லீன் காரிவோ குழுவின் ஆய்வில், மதச் சூழலில் வளரும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் வேதாகமக் கதைமாந்தர் உண்மையானவர் என்றே கருதினர். மந்திரக் கற்பனைக் கதைகளின் மாந்தரையும் அப்படி நம்பும் போக்கு அவர்களிடம் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தது. அதைக் கண்டு கதை சொல்வதை நிறுத்த வேண்டியதில்லை. வகை பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். தாவீது அரசன், சமாரியன் இயேசு சொன்ன உவமையில் வருபவன் என்ற வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளை எளிதாகவே பிடித்துக்கொள்ளும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் பிள்ளைக்கு ஒரு பாடம்தான்.

ஒலிப்பதிவும் திரையும்

எழுத்தறியாத மக்களின் காதுக்கு வேதக் கதைகளை இயந்திரத்தின் வழி கொண்டுபோகும் முயற்சியை 1939இல் ஜாய் ரிடர்ஹாஃப் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கினார். உடல்நலம் குன்றி ஹோண்டுராஸிலிருந்து திரும்பிய அவர், தாம் விட்டுவந்த மக்களுக்கு ஸ்பானிய மொழியில் இசைத்தட்டு செய்து அனுப்பினார். பிறகு அது பல மொழிகளுக்கு விரிந்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில் கையால் சுழற்றும் கருவிகள் உதவின. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தது, இப்போது கைப்பேசி. சிறு பிள்ளைகளுக்கான வேதாகமச் செயலி ஒன்று 2013இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

வாசிக்கத் தெரியாத தாய்க்கும், பார்வையற்ற பிள்ளைக்கும், வெளிநாட்டில் தமிழ் கேட்க வாய்ப்பில்லாத பேரப்பிள்ளைக்கும் ஒலிப்பதிவு பெரும் கொடை. ஆனால் ஒலிப்பெட்டி பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அது பயந்த இடத்தில் நிற்காது, சிரித்த இடத்தைத் திரும்பச் சொல்லாது, கேள்வி கேட்டால் பதில் தராது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கேட்டு, இடையில் நிறுத்திப் பேசினால் அந்தக் குறை பெருமளவு தீரும். அசையும் படத்தைவிட வெறும் ஒலியே சிறு பிள்ளைக்கு நல்லது என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது: கோலியாத் எவ்வளவு உயரம் என்பதைக் காது கேட்டால் மனம் வரைந்துகொள்ளும்; திரையில் பார்த்தால் வரைய வேலை இல்லை.

வீட்டுக்கு வெளியே சொல்லும்போது இன்னொரு பொறுப்பு சேர்கிறது. இந்திய அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின்படி, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது; அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில், பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் சிறுவரை அதில் பங்கெடுக்கச் செய்யக்கூடாது. விடுமுறைப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆவலோடு வருவார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் என்ன கதை சொல்லப்படுகிறது என்று முன்பே தெரிவித்து அனுமதி வாங்குவது சட்டத்துக்காக மட்டுமல்ல, அயலாரிடம் காட்டவேண்டிய மரியாதைக்காகவும்.

தொடங்க விரும்பும் வீட்டுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். யோனா நான்கே அதிகாரம், 48 வசனம்; கால் மணி நேரத்தில் வாசித்துவிடலாம். ரூத்தும் நான்கு அதிகாரம்தான், 85 வசனம். பிள்ளைகளே பங்கேற்கும் கதைகளும் நிறைய உண்டு: குழந்தை மோசே கிடந்த நாணற்பெட்டியைத் தூரத்தில் நின்று காவல் காத்த மிரியாம், நாகமானின் வீட்டில் இருந்த சிறு பெண், எட்டு வயதில் அரசனான யோசியா. ஏழு, எட்டு வயதானபின் மாற்கு சுவிசேஷத்தை இரவுக்கு ஓர் அதிகாரமாக வாசித்துக் காட்டலாம். 16 அதிகாரங்கள், மூன்று வாரத்துக்குள் ஒரு சுவிசேஷத்தை முழுதாகக் கேட்ட பிள்ளையாகிவிடும்.